நெய்வேலி காட்டாமணக்கை வெட்டாதீர்கள், வேரோடு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஒரு கண்மாய்ப் படம் வந்திருந்தது. கரையோரம் முழுக்க இளம் ஊதா நிறப் பூக்கள், பின்னால் மலை, கீழே பூத்துக் குலுங்கும் கண்மாய் கண்ணுக்கு விருந்து என்கிற மாதிரி ஒரு வரி. படம் எடுத்தவரைக் குறை சொல்ல வரவில்லை, படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது என்ன பூ, கண்மாய்க்குள் எப்படி வந்தது, அது அடர்ந்து நிற்கிற கண்மாயில் இன்னும் சில வருடம் போனால் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மேலூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

அந்தச் செடி நெய்வேலி காட்டாமணக்கு. காட்டாமணி என்றும் சொல்வார்கள். தாவர நூல்களில் அதன் பெயர் ஐபோமியா கார்னியா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் இருந்து பூவுக்காகவும் வேலிக்காகவும் இங்கே கொண்டுவரப்பட்டது. கம்பை ஒடித்து ஊன்றினால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, வருடத்தில் பெரும்பாலான நாள் பூ இருக்கும், இப்படி ஒரு செடி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வீட்டுக் கொல்லையில் வைத்தார்கள், தோட்டத்து வேலிக்கு வைத்தார்கள், மண் அரிக்காமல் இருக்கட்டும் என்று வாய்க்கால் கரையிலும் வைத்தார்கள். வேலியில் இருந்து ஓடைக்கு இறங்கியது, ஓடையில் இருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலுக்கு, அங்கிருந்து தண்ணீர் தேங்கி நிற்கிற கண்மாய் உள்வாய்க்கு. இன்றைக்கு மதுரையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஜன்னல் வழியே இதைப் பார்க்காமல் போக முடியாது. பார்க்கிற பலருக்கும் பெயர் தெரியாது, அதுதான் என் முதல் கவலை. சீமைக்கருவேலம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கை காட்டும். இதைக் காட்டிக் கேட்டால் ஏதோ பூச்செடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அடையாளம் கஷ்டமே இல்லை, ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். ஆள் உயரத்துக்கு மேலே, நல்ல ஈரம் இருந்தால் அதற்கும் மேலே, தூரில் இருந்து பல கம்புகளாகக் கிளம்பி நிற்கும். இலை இதய வடிவம், நுனி கூராக இழுத்துக்கொண்டு போகும், பெரிய இலை ஒரு சாணுக்குக்கூட வரும். பூ புனல் மாதிரி விரியும், வெளிறிய ரோஸ் அல்லது இளம் ஊதா, தொண்டைப் பகுதி மட்டும் அடர்ந்த நிறம். கம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும், முற்றிய கம்பு உள்ளே கூடாக இருக்கும். இலைக் காம்பும் இலையும் சேருகிற இடத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கும், அதில் தேன் கசியும், எறும்பு அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பூவுக்குப் பெரிய கருவண்டு வரும், மரத்தைத் துளைக்குமே அந்த வண்டு. காய் காய்ந்து வெடித்தால் உள்ளே இருக்கிற விதையின் மேல் பழுப்பு நிறத்தில் பட்டு மயிர் அடர்ந்திருக்கும், காற்றிலும் தண்ணீரிலும் அது போவதற்கு அந்த மயிரே போதும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற செடிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நிஜக் காட்டாமணக்கு, எண்ணெய் எடுக்கிற விதை உள்ளது. அதன் இலையில் மூன்று, ஐந்து என்று மூலைகள் இருக்கும், பூ பச்சையும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது, காய் உருண்டை. அதுவும் விஷம்தான், ஆனால் அது வறண்ட வேலிச் செடி, தண்ணீருக்குள் இறங்கிக் கண்மாயைப் பிடிக்காது. இன்னொன்றுதான் முக்கியம், வள்ளைக்கீரை. அதற்கும் இதற்கும் ஒரே குடும்பம், சர்க்கரைவள்ளியும் அதே குடும்பம்தான். வள்ளைக்கீரையின் பூவும் இதே சாயலில் இருக்கும், தண்டும் கூடு. ஆனால் வள்ளை கொடி, தண்ணீர் மேல் படர்ந்து மிதக்கும் அல்லது சேற்றில் ஊர்ந்து போகும், ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்காது, இலை நீளமாக அம்பு முனை போல இருக்கும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. கண்மாயை சுத்தம் செய்கிறோம் என்று வருகிற வெளியூர் ஆட்கள் வள்ளைக்கீரையையும் சேர்த்து வாரிப் போடுகிறார்கள், ஊர்ப் பெண்கள் பறித்துச் சமைக்கிற கீரை அது. அதைவிட மோசம், கீரை பறிக்கப் போகிற சின்னப் பிள்ளைகள் நெய்வேலிச் செடியின் இளம் தளிரைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாது. பெரியவர்கள் கூடப் போய் ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கண்மாய்க்கு இது என்ன செய்கிறது என்று நகரத்தில் இருக்கிறவர்கள் கேட்கலாம். வரத்துக்காலில் இது அடர்ந்தால் மழைத் தண்ணீரின் வேகம் செத்துப் போகும், வேகம் போனால் தண்ணீர் சுமந்து வந்த மண் அங்கேயே படியும், மண் மேடானால் செடிக்கு இன்னும் வசதி, அது இன்னொரு அடி உள்ளே வரும். இப்படியே உள்வாய் மேடாகிக்கொண்டே போகிறது. பெரியாறு கால்வாயில் ஒருபோகத்துக்கு வழக்கமாக ஆவணி, புரட்டாசி வாக்கில் தண்ணீர் விடுவார்கள், அந்த நேரத்தில் கண்மாய் நிறைந்தது என்று தூரத்தில் இருந்து பார்த்தால் தோன்றும், உள்ளே இருப்பது பாதி செடியும் சேறும். பங்குனி வரைக்கும் வர வேண்டிய தண்ணீர் தைக்கே தீர்ந்துவிடுகிறது. வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடைக்குள் கம்பும் வேரும் அடைத்துக்கொண்டால் ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும், அந்தப் புதருக்குள் பாம்பு கிடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கில் அடைத்தால் இன்னும் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரி கொட்டுகிற மழையில் மறுகால் போக வழியில்லாமல் தண்ணீர் கரை மேல் ஏறினால் கரை நிற்காது, கரை போனால் கீழே இருக்கிற வயலும் காலனி வீடுகளும் போகும்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும், படித்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் சுற்றுவட்டாரத்து ஜனம் மொத்தமும் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடை, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்கும். நெய்வேலிச் செடி அடைத்த பகுதியில் ஊத்தாவை அமுக்கவே முடியாது, கீழே தரை இருக்காது, வேரும் கம்பும்தான் இருக்கும். வலை வீசினால் கிழிந்துதான் வரும். கண்மாயின் நடுவில் கொஞ்ச இடத்தில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்று பிடித்துவிட்டுத் திரும்புகிற நிலைமை பல ஊர்களில் வந்துவிட்டது.

ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆடு இதைச் சீந்தாது என்பதுதான் பொதுவான நம்பிக்கை, நல்ல மேய்ச்சல் இருக்கிற காலத்தில் அது சரிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சையாக நிற்பது இது ஒன்றுதான், பசித்த ஆடு கடிக்கத் தொடங்கும், தொடங்கிய ஆடு தேடிப் போய்த் தின்னவும் செய்யும். இதில் ஸ்வைன்சோனைன் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. ஒரே நாளில் சாகடிக்காது. உடலின் செல்களுக்குள் சில வகைச் சர்க்கரைகள் உடைய வேண்டும், இந்த நஞ்சு அதை உடையவிடாமல் தடுப்பதால் அவை உள்ளேயே சேர்ந்து நரம்பைக் கெடுக்கும். தொடர்ந்து தின்ற ஆடு மெலியும், தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும், பின்னங்கால் தள்ளாடும், சினை ஆடு என்றால் குட்டி தங்காமலும் போகலாம். கிருமி, பூச்சி என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், மேய்கிற இடத்தைப் பார்க்க மாட்டார்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, ஆரம்பத்திலேயே அந்த இடத்தில் மேய்ச்சலை நிறுத்தினால் தேறலாம், நரம்பு கெட்டபின் முழுசாகத் திரும்பாது. ஆட்டுக்கு இப்படி ஏதாவது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கண்மாய் ஓரம் மேய்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செடியை அகற்றுகிறோம் என்று சொல்லி நடக்கிற வேலைதான் இதை அதிகமாகப் பரப்புகிறது. எங்கள் கண்மாயில் போன வருடம் ஒரு ஒப்பந்த வேலை நடந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று புரட்டாசிக் கடைசியில், உள்வாயில் ஏற்கெனவே ஈரம் ஏறிவிட்ட நேரத்தில், பொக்லைன் இயந்திரத்தை இறக்கினார்கள். செடியை மண்ணோடு சேர்த்து வாரி, நசுக்கி, கரையின் உள்பக்கச் சரிவில் தள்ளி, மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டு மட்டம் தட்டிவிட்டுப் போனார்கள். பார்க்கக் கண்மாய் துப்புரவாக இருந்தது, படம் எடுத்துக்கொண்டார்கள், பில்லும் போயிருக்கும். கார்த்திகையில் அந்தச் சரிவு முழுக்கத் துளிர். முன்னே கரையோரம் மட்டும் நின்ற செடி இப்போது கரையிலேயே நிற்கிறது, அதன் வேர் கரைக்குள் இறங்கினால் அந்த வழியாகக் கசிவு வரும் என்று நாங்கள் பயந்துகொண்டு இருக்கிறோம்.

காரணம் எளிதானது. இந்தச் செடி விதையைவிடத் தண்டால்தான் அதிகம் பெருகுகிறது. கம்பில் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஒரு சாண் துண்டு ஈர மண்ணில் விழுந்தால் அது ஒரு செடி. பத்துத் துண்டாக நறுக்கிப் போட்டால் பத்துச் செடி. அதைத் தண்ணீரில் போட்டால் மிதந்து போய் ஒதுங்கின இடத்தில் முளைக்கும். ஆக, தண்ணீர் இருக்கும்போது வெட்டுவது, ஈரத்தில் புதைப்பது, ஓடையில் தள்ளிவிடுவது எல்லாமே நடவு வேலைதான். நிலத்துக்கு மேலே மட்டும் அறுத்துவிட்டுப் போனால் தூரில் இருந்து முன்பைவிட அதிகமான கம்புகள் கிளம்பும்.

எப்படி எடுப்பது? கண்மாய் வற்றித் தரை வெடித்துக் கிடக்கிற மாசம்தான் இதற்குச் சரியான காலம், எங்கள் பக்கம் சித்திரை, வைகாசி. அரிவாளால் கம்புகளை முழங்கால் உயரம் விட்டு அறுக்க வேண்டும், அடியோடு அறுக்கக் கூடாது, அந்த முழங்கால் உயரக் கட்டைதான் பிறகு பிடித்து இழுக்கக் கைப்பிடி. அறுத்த கம்புகளை அங்கேயே போடாமல் கட்டுக் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். பிறகு கடப்பாரையால் தூரைச் சுற்றிக் குத்தி மண்ணை இளக்கி, தூரோடும் பக்க வேரோடும் கிளப்ப வேண்டும். தரை ரொம்ப இறுகி இருந்தால் ஒரு கோடை மழை பெய்து மேல் மண் நனைந்த மறுநாள் இறங்கினால் வேலை பாதிதான். பொக்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரிய கண்மாய்க்கு மனிதக் கை போதாது, ஆனால் இயந்திரம் தூரைக் கிளப்பினதும் பின்னாலேயே ஆள் நின்று ஒவ்வொரு துண்டையும் பொறுக்க வேண்டும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், கைக்கு உறை கொடுத்தால் நல்லது.

எடுத்ததை எங்கே போடுவது என்பதில்தான் எல்லா ஊரிலும் கோட்டை விடுகிறார்கள். எங்கள் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை. கம்பும் தூரும் மண்ணைத் தொடாதபடி பாறை மேலோ, நல்ல வெயில் படுகிற கட்டாந்தரையிலோ பரப்பிப் போட்டு, இடையில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். குவியலாகப் போட்டால் மேலே காயும், அடியில் இருக்கிறது வேர்விட்டு உட்கார்ந்துகொள்ளும். கம்பை வளைத்தால் வளையாமல் சடக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடத்தில் பால் துளியும் வரக் கூடாது, அப்போதுதான் அது செத்தது என்று அர்த்தம். அதன் பிறகு அடுப்புக்கு வேண்டுமென்றால் அடுப்புக்கு, எருக்குழிக்கு வேண்டுமென்றால் நறுக்கி எருக்குழிக்கு. இலையை மட்டும் பச்சையாகவே உருவி நெல் வயலில் தழையுரமாக மிதிக்கலாம், நம் பக்கத்தில் அந்த வழக்கம் இருந்தது. தண்டுத் துண்டு ஒன்றுகூட அதில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு கோடையோடு இது தீராது, அதையும் முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் துளிரைப் பார்த்ததும் எல்லாரும் கை விட்டுவிடுவார்கள். விட்டுப்போன துண்டுகளில் இருந்து முதல் மழைக்கே தளிர் வரும். அந்த நேரத்தில் அது ஒரு சாண்தான் இருக்கும், மண்ணும் இளகி இருக்கும், ஒரு கையால் பிடுங்கி எறியலாம். அந்தப் பருவத்தில் ஒரு சுற்று, தண்ணீர் வருவதற்கு முன் இன்னொரு சுற்று, அப்புறம் அடுத்த கோடையில் மறுபடி. இரண்டு மூன்று வருடம் இப்படிப் பின்தொடர்ந்தால் கண்மாய் நம் கைக்கு வரும். நூறு நாள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை, செடி சின்னதாக இருக்கும்போது பிடுங்குவதற்கு இயந்திரமே வேண்டாம், அடையாளம் தெரிந்த கண்ணும் குனிகிற முதுகும் போதும்.

அதே நேரம் ஒரு கண்மாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக வெட்டினவை கிடையாது, மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் அதற்கும் கீழே. தண்ணீர் போகிற வழியெல்லாம் இந்தத் துண்டுகளும் போகும். நாங்கள் கீழ்க் கண்மாய்க்காரர்கள், கோடை முழுக்க உழைத்து எங்கள் உள்வாயைச் சுத்தம் செய்தாலும் மேலே இருக்கிற ஊரின் கலுங்கு வழியாக ஒரே வெள்ளத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். எனவே மேலே இருந்துதான் தொடங்க வேண்டும், வரத்துக்காலையும் சேர்த்து, வரிசையாக இறங்கி வர வேண்டும். இதற்கு ஊர்கள் உட்கார்ந்து பேச வேண்டும், அதைவிட அதிகாரிகள் பேச வேண்டும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறுகிற நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருக்கிற கண்மாய் நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே ஓடையில் வரிசையாக இருக்கிற கண்மாய்களில் ஒன்று இவர்களுடையது, அடுத்தது அவர்களுடையது, ஒருவர் இந்த வருடம் வேலை எடுத்தால் மற்றவர் நிதி வரட்டும் என்கிறார். இடையில் இருக்கிற ஓடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மருந்து அடித்தால் தீர்ந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், உரக்கடையில் கேட்டால் எடுத்தும் கொடுப்பார்கள். கண்மாய்க்குள் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தண்ணீரை மாடு குடிக்கிறது, அதில் மீன் இருக்கிறது, அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. டூ ஃபோர் டி என்கிற களைக்கொல்லியை அடித்தால் காற்றில் அதன் சாரல் போகிற தூரத்தில் இருக்கிற பருத்தியும் தக்காளியும் கத்தரியும் தாங்காது, வள்ளைக்கீரையும் போய்விடும். கிளைபோசேட் என்கிற இன்னொரு களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர யாரும் அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022-லேயே கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அதையெல்லாம் மீறி அடித்தாலும் இலை கருகும், காய்ந்த மாதிரி தெரியும், தூர் பெரிதாக இருந்தால் அடுத்த மழைக்குப் பக்கத்தில் இருந்து துளிர் கிளம்பும். பணமும் போய்த் தண்ணீரும் கெட வேண்டுமா?

வண்டல் மண் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது தாசில்தார் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கிக் கண்மாயில் இருந்து வண்டல் எடுக்க முடிகிறது, விவசாயிகளுக்கும் மண்பானைத் தொழிலாளர்களுக்கும் நல்ல ஏற்பாடு, கண்மாயும் ஆழமாகும். ஆனால் நெய்வேலிச் செடி நின்ற இடத்து வண்டலை அப்படியே டிராக்டரில் அள்ளி வயலில் கொட்டினால் அதோடு கம்புத் துண்டும் வரும், வரப்பு ஓரத்தில் முளைக்கும், அங்கிருந்து உங்கள் வாய்க்காலுக்குப் போகும். செடியை எடுத்துக் காயவைத்த பிறகு மண்ணை அள்ளுங்கள், அள்ளின மண்ணை வயலில் பரப்பி வெயிலில் காயவிட்டு, கண்ணில் படுகிற துண்டைப் பொறுக்கிவிட்டு உழுங்கள். அதே மாதிரி, ஒத்தக்கடை, திருப்பாலை, விரகனூர்ப் பக்கம் எல்லாம் பிளாட் போட்டு வீடு கட்டுகிறவர்கள் பூ நன்றாக இருக்கிறது என்று இதை ஒடித்துக்கொண்டு போய் வேலிக்கு நடாதீர்கள். செம்பருத்தி நடுங்கள், மருதாணி நடுங்கள், நொச்சி நடுங்கள். மூன்றும் குச்சியை ஊன்றினாலே வருகிறவைதான், கண்மாயைத் தேடிப் போய் அடைக்காதவை.

பறவை பார்க்கிற நண்பர்கள் சிலர் இதில் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள், அது நியாயமானதுதான். தண்ணீர் நிற்கும்போது இந்தப் புதரில் கொக்கும் நீர்க்காகமும் வந்து அடைகின்றன, சிலது கூடும் வைக்கிறது. அதனால்தான் தண்ணீர் வற்றின கோடையில், கூடு இல்லாத நேரத்தில் எடுக்கச் சொல்கிறேன். எடுத்த இடத்தை வெறுமனே விடவும் கூடாது, வெறும் மண்ணைத்தான் இந்தச் செடி முதலில் பிடிக்கும். கரையின் வெளிப்பக்கத்தில் பனை விதை ஊன்றலாம், சரிவில் வெட்டிவேர் வைக்கலாம், உள்வாயின் மேட்டில் நாட்டுக் கருவேலம், வரத்துக்கால் ஓரம் நீர்மருதும் நாவலும். நாட்டுக் கருவேலம் தண்ணீருக்குள் நின்றாலும் அழுகாது, கொக்குக்கும் நாரைக்கும் கூடு கட்ட அதைவிட நல்ல மரம் கண்மாயில் இல்லை. சீமைக்கருவேலம் என்று நினைத்து அதையும் வெட்டிவிடாமல் காப்பாற்ற வேண்டும், காயைப் பார்த்தாலே தெரியும், விதைக்கு விதை இடுக்கி மணி கோத்த மாதிரி வெள்ளி நிறத்தில் தொங்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட பிறகு ஊர் ஊராக வேலை நடந்தது, 2017-ல் ஊரார் பங்கோடு நீர்நிலைகளைச் சீர்செய்கிற குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் அந்தக் கொள்கை பெரிதும் காட்டை மனதில் வைத்து எழுதியது, உண்ணிச்செடி, மஞ்சள் கொன்றை என்று மலைகளைப் பிடித்த செடிகள்தான் அதில் முன்னால் நிற்கின்றன. அதுவும் வேண்டியதே. கண்மாய்க்குள் நிற்கிற இந்தச் செடிக்கு அந்த அளவு கவனம் இன்னும் வரவில்லை. வைகையில் மதுரை நகருக்குள் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் உடனே செய்தி வருகிறது, மாநகராட்சியும் ஆட்களை இறக்குகிறது. அதுவும் ஒரு காலத்தில் பூவுக்காக வந்த செடிதான். கிராமத்துக் கண்மாய் அடைத்துக்கொண்டால் அது எங்கள் தலைவலி என்று ஆகிவிடுகிறது, தண்ணீர் வராத வயலில் விளையாமல் போகிற நெல் மட்டும் எல்லாருடைய நெல்.

உங்கள் நாளிதழ் மூலம் மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய தொகையோ புதுத் திட்டமோ இல்லை. கண்மாய் பராமரிப்புக்கு இனிமேல் போடுகிற ஒவ்வொரு மதிப்பீட்டிலும், ஒப்பந்தத்திலும் நாலு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: வேலை சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடிய வேண்டும், செடியைத் தூரோடு எடுக்க வேண்டும், எடுத்ததைக் கண்மாய்க்கும் கரைக்கும் வெளியே காயவைக்க வேண்டும், மழைக்குப் பிறகு துளிர் பிடுங்குகிற ஒரு சுற்றை முடித்த பின்தான் கடைசித் தவணைப் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசித் தவணைக்குப் பாசன சங்கத்தின் கையெழுத்தையும் கட்டாயமாக்கினால் நாங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். மேலூர் வட்டத்தில் ஏதாவது ஒரு ஓடையின் கண்மாய் வரிசையை எடுத்து மேலிருந்து கீழே இப்படி ஒரு தடவை செய்து காட்டட்டும். ஆள் கொடுக்க ஆயக்கட்டுக்காரர்கள் நாங்கள் தயார், அடுத்த பங்குனிக்குள் கூப்பிட்டுப் பேசினால் சித்திரையில் இறங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.